மாற்றுத்திறனாளிக்கு வேலை கொடுத்தால் நிறுவனத்துக்கு என்ன கிடைக்கும்? சட்டம் சொல்லும் 5 சதவீதமும் கைக்கு வரும் சலுகையும்

“மாற்றுத்திறனாளி ஒருத்தரை வேலைக்கு எடுத்தா, கவர்மென்ட்ல இருந்து நமக்கு ஏதாவது கிடைக்குமா?”

சின்ன ஐ.டி. நிறுவனம் முதல் பின்னலாடை ஏற்றுமதி யூனிட் வரை, ஆள் எடுக்கும் இடத்தில் எழும் கேள்வி இது. கேள்வியில் தப்பில்லை. தனியார் நிறுவனங்களுக்கு ஊக்கம் கொடுக்க வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டமே சொல்கிறது. 1995-லேயே சொன்னது, 2016-ல் மறுபடியும் சொன்னது.

ஆனால், பதில் அவ்வளவு நேரானதில்லை. கொஞ்சம் கிடைக்கும். அதை வாங்கத் தனியாக மெனக்கெட வேண்டும். அதைவிட முக்கியமாக, நிறுவனங்கள் உண்மையில் தயங்குவது எந்தச் செலவுக்காகவோ, அந்தச் செலவுக்கு அந்தப் பணம் போவதில்லை. ஏன் அப்படி? இப்போது என்னென்ன கிடைக்கும்? மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், எத்தனை பேர்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 11.8 லட்சம் பேர். அப்போது கணக்கில் வந்தவை சில வகைக் குறைபாடுகள் மட்டும்தான். 2016 சட்டத்துக்குப் பிறகு ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச் சிதைவு, ஆசிட் வீச்சால் பாதிக்கப்பட்டோர், ரத்தம் சார்ந்த சில நோய்கள் என்று மொத்தம் 21 வகைகள் பட்டியலில் வந்துவிட்டன. எனவே உண்மையான எண்ணிக்கை இதைவிட அதிகமாகவே இருக்கும்.

இவர்களில் எத்தனை பேர் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள்? 2018-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76-வது சுற்று இதைக் கேட்டது. 15 வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளில் வேலை பார்ப்பவர்கள், வேலை தேடுபவர்கள் இரண்டையும் சேர்த்தாலே 23.8% தான் வந்தது. அதாவது, நான்கில் மூன்று பேர் வேலையும் பார்க்கவில்லை, வேலையும் தேடவில்லை.

இந்த எண்ணில் கவனிக்க ஒன்று உண்டு. தேடாதவர்கள் ‘வேலையற்றோர்’ கணக்கில் வரமாட்டார்கள். அதனால் அதே ஆய்வில் மாற்றுத்திறனாளிகளிடையே வேலையின்மை விகிதம் 4.2% என்று பார்ப்பதற்குச் சின்னதாகத் தெரியும். “பரவாயில்லையே” என்று தோன்றும். தேடியே பயனில்லை என்று வீட்டில் இருப்பவர்கள் இந்த 4.2 சதவீதத்துக்கு வெளியே நிற்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, ஏப்ரல் 2017-ல் நடைமுறைக்கு வந்தது. வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை இதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிரிவுகள் இருக்கின்றன.

பிரிவு 34: அரசு நிறுவனங்களில் 4% இடஒதுக்கீடு. இது கட்டாயம். பழைய 1995 சட்டத்தில் 3% ஆக இருந்தது.

பிரிவு 35: தனியார் நிறுவனங்களின் பணியாளர்களில் குறைந்தது 5% பேர் மாற்றுத்திறனாளிகளாக இருப்பதை உறுதிசெய்யும் விதமாக, அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் அந்த நிறுவனங்களுக்கு ஊக்கச் சலுகைகள் அளிக்க வேண்டும்.

இந்த இரண்டாவது பிரிவைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். “தனியார் கம்பெனியில 5% ரிசர்வேஷன் இருக்கு” என்று சமூக வலைதளங்களில் அடிக்கடி பார்க்கலாம். அப்படி இல்லை. இங்கே கடமை நிறுவனத்தின் மேல் இல்லை, அரசின் மேல்தான் இருக்கிறது. நிறுவனம் 5% எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எடுப்பதற்கு அரசு தூண்டுதல் கொடுக்க வேண்டும் என்கிறது.

அந்தக் கடமையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ‘பொருளாதார வலிமைக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு’ அரசு இதைச் செய்ய வேண்டும் என்ற வாசகம் பிரிவின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு, எப்போது, யாருக்கு என்று எதுவும் சொல்லப்படவில்லை. ‘முடிஞ்சா செய்யறோம்’ என்பதற்குச் சட்ட மொழியில் இப்படித்தான் எழுதுவார்கள். 1995 சட்டத்தின் 41-வது பிரிவிலும் இதே 5%, இதே நிபந்தனை. முப்பது ஆண்டுகளாக எண்ணும் மாறவில்லை, நிபந்தனையும் மாறவில்லை.

இன்னொரு நுணுக்கம்: இந்த 5 சதவீதக் கணக்கில் வருபவர்கள் 40% அல்லது அதற்கு மேல் குறைபாடு இருப்பதாகச் சான்றிதழ் பெற்றவர்கள் மட்டுமே. சான்றிதழில் 35% என்று இருந்தால், அந்த நபரின் மற்ற உரிமைகள் போய்விடாது. ஆனால் இந்தக் கணக்கில் சேர மாட்டார்.

2008-ல் வந்த திட்டம்: நல்ல நோக்கம், தப்பிய குறி

சட்டம் சொன்னதை மத்திய அரசு ஒருமுறை பெரிய அளவில் செய்து பார்த்தது. 2007-08 பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் ப.சிதம்பரம் அறிவித்து, 2008 ஏப்ரலில் தொடங்கிய திட்டம் அது. ஆண்டுக்கு 1 லட்சம் வேலைகள் என்பது இலக்கு. பதினொன்றாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்துக்கு ரூ.1,800 கோடி என்று சொல்லப்பட்டது.

எப்படி வேலை செய்யும்? மாதம் ரூ.25,000 வரை சம்பளம் வாங்கும் மாற்றுத்திறனாளியை ஒரு தனியார் நிறுவனம் எடுத்தால், அவருக்காக நிறுவனம் கட்ட வேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கை முதல் மூன்று ஆண்டுகளுக்கு அரசு ஏற்றுக்கொள்ளும்.

இதைப் பணமாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். இன்றைய விகிதங்களில், ஒருவருக்கு மாதம் ரூ.20,000 சம்பளம் என்று வைத்துக்கொள்வோம்.

• பி.எஃப்.: சட்டப்படியான உச்சவரம்பு ரூ.15,000-க்கு 12% என்றால் ரூ.1,800.
• இ.எஸ்.ஐ.: ரூ.20,000-க்கு 3.25% என்றால் ரூ.650.
• ஆக மாதத்துக்கு ரூ.2,450. மூன்று ஆண்டுகளுக்கு ரூ.88,200.

ஒரு ஆளுக்கு எண்பத்தெட்டாயிரம் என்றால் சும்மா இல்லை. அப்படியும், ஆண்டுக்கு 1 லட்சம் வேலை என்ற இலக்கின் பக்கத்தில்கூட இந்தத் திட்டம் போகவில்லை. ஏன்? திட்டம் அமைக்கப்பட்ட விதத்திலேயே அதற்கான காரணங்கள் தெரிகின்றன.

ஒன்று, கதவு யாருக்குத் திறந்தது என்பது. பி.எஃப். சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களுக்குப் பொருந்தும். இ.எஸ்.ஐ. 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால். நம் ஊரில் வேலை கொடுப்பவர்களில் பெரும்பாலோர் இதற்குக் கீழே இருப்பவர்கள்: ஜெராக்ஸ் கடை, மொபைல் சர்வீஸ் கடை, தையல் யூனிட், பேக்கரி. இவர்கள் பி.எஃப். கட்டுவதே இல்லை. கட்டாத பணத்தை அரசு எப்படித் திருப்பிக் கொடுக்கும்? மாற்றுத்திறனாளிகள் வீட்டுப் பக்கத்திலேயே போய்ச் சேரக்கூடிய வேலைகள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன. திட்டம் அந்தப் பக்கமே வரவில்லை.

இரண்டு, காகித வேலை. சான்றிதழ், தனிப் பதிவு, தனிப் படிவம் என்று ஒரு ஆளுக்காக ஒரு புதிய நடைமுறை. 500 பேருக்குச் சம்பளம் போடும் பே-ரோல் டீம், ஒரே ஒருவருக்காக மாதம் ரூ.2,450 மிச்சம் பிடிக்க இதில் இறங்குமா? பல இடங்களில் இறங்க மாட்டார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். அரசு கொடுத்தது சம்பளச் செலவில் ஒரு பங்கு. ஆனால் நிறுவனத்தின் தயக்கம் சம்பளத்தில் இல்லையே! “நம்ம ஆபீஸ் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை.” “மீட்டிங்ல அவரோட எப்படிப் பேசுறது?” “நம்ம சாஃப்ட்வேர் அவருக்கு வேலை செய்யுமா?” “நைட் ஷிஃப்ட் முடிஞ்சா எப்படி வீட்டுக்குப் போவார்?” இதில் எந்தக் கேள்விக்கும் பி.எஃப். சலுகையில் பதில் இல்லை. ‘இவர் கொஞ்சம் குறைவாகத்தான் வேலை செய்வார், அதை ஈடுகட்ட இந்தா பணம்’ என்று அரசே மறைமுகமாகச் சொல்வதுபோலவும் ஆகிவிட்டது.

சரி, இன்றைக்கு ஒரு நிறுவனம் எதையெல்லாம் கேட்டுப் பெறலாம்?

மாற்றுத்திறனாளிகளுக்கென்றே உள்ளதையும், பொதுவாக எல்லாப் புதிய வேலைகளுக்கும் உள்ளதையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

இ.எஸ்.ஐ. வரம்பு: பொதுவான பணியாளர்களுக்கு ரூ.21,000 வரை சம்பளம் இருந்தால்தான் இ.எஸ்.ஐ. மாற்றுத்திறனாளிகளுக்கு இது ரூ.25,000. தொடர் சிகிச்சை தேவைப்படும் பணியாளருக்கு இந்த ரூ.4,000 வித்தியாசம் பெரிய விஷயம். சம்பளம் ரூ.23,000 என்பதால் “உனக்கு இ.எஸ்.ஐ. வராதுப்பா” என்று சொல்லிவிடும் நிறுவனங்கள் உண்டு. சொன்னால் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்களிப்புச் சலுகை பற்றியும் ஆளைச் சேர்க்கும் மாதத்திலேயே சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிடுவது நல்லது.

பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா: 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் புதிய வேலைகளுக்கானது. கூடுதலாக எடுக்கும் ஒவ்வொருவருக்கும் சம்பளத்தைப் பொறுத்து மாதம் ரூ.3,000 வரை, இரண்டு ஆண்டுகளுக்கு நிறுவனத்துக்குக் கிடைக்கும். உற்பத்தித் துறைக்கு மேலும் இரண்டு ஆண்டுகள். 50 பேருக்குக் குறைவான நிறுவனம் குறைந்தது 2 பேரையும், அதற்கு மேற்பட்டது 5 பேரையும் கூடுதலாக எடுக்க வேண்டும். புதிதாகச் சேர்பவர் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். மாற்றுத்திறனாளியை எடுத்தாலும் இது பொருந்தும். ஆனால் அவருக்காகக் கூடுதலாக எதுவும் இல்லை.

வருமான வரிக் கழிவு: புதிய பணியாளர்களுக்கான சம்பளச் செலவில் 30 சதவீதத்தை மூன்று ஆண்டுகளுக்குக் கூடுதல் கழிவாகக் காட்டும் வசதி. 80ஜேஜேஏஏ என்ற பெயரில் ஆடிட்டர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. மாதம் ரூ.25,000 வரை சம்பளம் உள்ளவர்களுக்குப் பொருந்தும். இதில் ஒரு பொறி இருக்கிறது. பென்ஷன் திட்டத்துக்கான முழுப் பங்களிப்பையும் அரசே கட்டும் பணியாளரை இந்தக் கழிவில் சேர்க்க முடியாது என்று அந்தப் பிரிவிலேயே உள்ளது. ஆக, ஒரு சலுகையை வாங்கினால் இன்னொன்று போகலாம். எது லாபம் என்று கணக்குப் போட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

சி.எஸ்.ஆர். நிதி: மாற்றுத்திறனாளிகளுக்கான தொழிற்பயிற்சி, கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. பயிற்சி மையம் நடத்தலாம், பயிற்சி நிறுவனங்களுக்கு நிதி கொடுக்கலாம். ஆனால் சொந்தப் பணியாளர்களுக்கு மட்டும் பயன்படும் செலவை இதில் காட்ட முடியாது. அதாவது, வெளியில் 100 பேருக்குப் பயிற்சி கொடுக்க சி.எஸ்.ஆர். உதவும். அவர்களில் ஒருவரை வேலைக்கு எடுத்து, அவருக்காக அலுவலகக் கழிப்பறையை மாற்றிக் கட்டினால், அந்தச் செலவு அதில் வராது.

கவனித்தீர்களா? இந்தப் பட்டியலில் எங்கேயும் ‘அலுவலகத்தை மாற்றி அமைக்கும் செலவு’ வரவே இல்லை.

மற்ற நாடுகளில் எப்படி?

ஜெர்மனியில் 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம், 5% இடங்களில் கடுமையான மாற்றுத்திறன் உள்ளவர்களை வைத்திருக்க வேண்டும். வைக்காவிட்டால், காலியாக இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் மாதந்தோறும் ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். 2024 நிலவரப்படி பெரிய நிறுவனங்களுக்கு இது ஒரு இடத்துக்கு மாதம் 140 யூரோ முதல் 720 யூரோ வரை. ஒருவரைக்கூட வைக்காத நிறுவனத்துக்குத்தான் அந்த 720. இப்படிச் சேரும் பணம், ஆளை எடுக்கும் நிறுவனங்களின் பணியிடத்தை மாற்றி அமைக்கவும் உபகரணங்கள் வாங்கவும் போகிறது. தனியாக, சம்பளத்தில் 70% வரை இரண்டு ஆண்டுகளுக்கு மானியம் தரும் வசதியும் உண்டு.

ஜப்பானிலும் இதேபோல். 2024 ஏப்ரலில் தனியார் நிறுவனங்களுக்கான விகிதம் 2.5% ஆக்கப்பட்டது. நூறு பேருக்கு மேல் உள்ள நிறுவனம் இலக்கைத் தொடாவிட்டால், குறையும் ஒவ்வொரு ஆளுக்கும் மாதம் 50,000 யென் கட்ட வேண்டும். இலக்கைத் தாண்டி எடுக்கும் நிறுவனத்துக்கு அந்தப் பணத்திலிருந்து ஊக்கத்தொகை போகிறது. எடுக்காதவர் கட்டுவதை எடுப்பவர் பெறுகிறார்.

சிங்கப்பூரில் ஒதுக்கீடு கிடையாது. நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் முன்மாதிரி இதுதான், ஏனென்றால் இங்கேயும் தனியாரைக் கட்டாயப்படுத்தும் விகிதம் இல்லை. மாதம் 4,000 சிங்கப்பூர் டாலருக்குக் கீழ் சம்பளம் பெறும் மாற்றுத்திறனாளிக் குடிமக்களுக்கு, சம்பளத்தில் 20% வரை, அதிகபட்சம் மாதம் 400 டாலர் நிறுவனத்துக்குக் கிடைக்கிறது. இதற்கு நிறுவனம் விண்ணப்பிக்கவே வேண்டாம். சேமநிதித் தரவுகளை வைத்து அரசே கணக்கிட்டு அனுப்பிவிடும். வேலையையும் பணியிடத்தையும் அந்த நபருக்கு ஏற்றபடி மாற்றி அமைக்க, செலவில் 90% வரை, ஒருவருக்கு 20,000 டாலர் உச்சவரம்பில் தனி மானியம் உண்டு.

இந்த முறைகளில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. ஜெர்மனியில் ஆளை எடுக்காமல் மாதாமாதம் தொகையைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும் நிறுவனங்கள் கணிசம். அந்த 720 யூரோ படிநிலை வந்ததே அதனால்தான். ஆனால் இந்த நாடுகளிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு பாடங்கள் உண்டு. சம்பளத்துக்கு மட்டுமல்ல, பணியிடத்தை மாற்றவும் பணம் போக வேண்டும். அந்தப் பணம் அலையாமல் கைக்கு வர வேண்டும்.

உண்மையில் எவ்வளவு செலவாகும்?

2016 சட்டம் இதற்கு ஒரு கருத்தை வைத்திருக்கிறது: ‘நியாயமான வசதி’. குறிப்பிட்ட ஒருவர் மற்றவர்களைப்போல வேலை செய்யத் தேவையான மாற்றங்களை, அளவுக்கு மீறிய சுமை இல்லாத வகையில் செய்து கொடுப்பது. 2021-ல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கருத்துக்கு வலுவான விளக்கம் கொடுத்தது. 40% அளவை எட்டாத ஒருவருக்கும் தேர்வெழுத உதவியாளர் வசதியை மறுக்க முடியாது என்றது. அந்த நபருக்கு என்ன தேவை என்று அவரிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் இதன் சாரம்.

கேட்டுப் பார்த்தால், பல தேவைகள் பயந்த அளவுக்குப் பெரிதாக இருப்பதில்லை. பார்வையற்ற பணியாளர் கணினியில் வேலை செய்ய என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. காது கேளாதவருக்கு மீட்டிங்கில் நேரடி எழுத்து வசனம் வரும் வசதி, இன்று நாம் பயன்படுத்தும் வீடியோ கால் செயலிகளிலேயே இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவருக்குச் சத்தம் குறைந்த இருக்கை, எழுத்தில் தெளிவான வேலைப் பட்டியல். சக்கர நாற்காலியில் வருபவருக்குக் கீழ்த்தளத்தில் இடம், வாசலில் சாய்தளம். முதுகுத் தண்டில் பிரச்சினை இருப்பவருக்கு நேரத்தை மாற்றிக்கொள்ளும் வசதி.

எல்லாமே மலிவு என்று சொல்ல முடியாது. லிஃப்ட் வைப்பது, கழிப்பறையை மாற்றுவது, சைகை மொழிபெயர்ப்பாளரை வரவழைப்பது, அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு முதல் சில மாதங்கள் கூடவே இருந்து வேலை பழக்க ஒருவரை அமர்த்துவது – இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். சின்ன நிறுவனத்தால் முடியாது. அரசு உதவி தேவைப்படும் இடம் இதுதான். நம் திட்டங்கள் கை வைக்காத இடமும் இதுதான்.

சலுகை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் செய்தே ஆக வேண்டியவை

‘5% கட்டாயமில்லை, அதனால் இந்தச் சட்டமே நமக்கில்லை’ என்று பல தனியார் நிறுவனங்கள் நினைக்கின்றன. அது தவறு.

• ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். இது பிரிவு 21. 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால், எந்தெந்த வேலைகள் பொருத்தமானவை, என்னென்ன வசதிகள் தரப்படும், தொடர்பு அலுவலர் யார் என்ற விவரங்களும் அதில் இருக்க வேண்டும்.
• மாற்றுத்திறனாளிப் பணியாளர்கள் பற்றிய பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும். இது பிரிவு 22.
• சட்டத்தை மீறினால் முதல் முறை ரூ.10,000 வரை அபராதம். மறுபடியும் மீறினால் ரூ.50,000 முதல் ரூ.5 லட்சம் வரை.
• பங்குச் சந்தையில் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள், செபி விதிப்படி தங்கள் ஆண்டு நிலைத்தன்மை அறிக்கையில் மாற்றுத்திறனாளிப் பணியாளர்களின் எண்ணிக்கை, அலுவலகம் அணுகத்தக்கதாக உள்ளதா, சம வாய்ப்புக் கொள்கை உள்ளதா என்பதையெல்லாம் சொல்ல வேண்டும்.

கடைசியாகச் சொன்னது நம் எல்லோருக்கும் பயன்படும். நீங்கள் வேலை பார்க்கும் அல்லது சேரப்போகும் பெரிய நிறுவனத்தின் அறிக்கையை இணையத்தில் இறக்கி, அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். மொத்தப் பணியாளர்களோடு வகுத்துப் பார்த்தால், 5 சதவீதத்துக்கு எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆன்லைன் ஆள்சேர்ப்புக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கு கே.ஒய்.சி. நடைமுறை பற்றியது. ஆனால் கேள்வி உங்கள் நிறுவனத்தின் வேலை விண்ணப்பப் பக்கத்துக்கும் பொருந்தும். படத்தைப் பார்த்து எழுத்தை அடிக்கச் சொல்லும் கேப்ட்சாவில் ஒரு பார்வையற்ற இன்ஜினீயர் நின்றுவிட்டால், அதற்கு அப்புறம் எந்த ஊக்கத்தொகையும் அவரை உள்ளே கொண்டுவராது.

“எனக்கு இதெல்லாம் எதுக்கு?” என்று கேட்பவர்களுக்கு

பிறக்கும்போது வருவது மட்டும் மாற்றுத்திறன் இல்லை. விபத்து, பக்கவாதம், சர்க்கரை நோயால் பார்வை இழப்பு – இவை 30, 40 வயதில் வேலையில் இருக்கும்போது வருகின்றன.

அரசு ஊழியருக்கு அப்படி நடந்தால், சட்டத்தின் பிரிவு 20 அவரைக் காப்பாற்றுகிறது. வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ முடியாது. பார்த்த வேலையைச் செய்ய முடியாவிட்டால், அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். ஆனால் அந்தப் பிரிவு அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான். நாளைக்கு ஓ.எம்.ஆரில் பைக் விபத்தில் சிக்கும் தனியார் ஐ.டி. ஊழியருக்கு அதே பிரிவு கை கொடுக்காது. பாகுபாடு கூடாது என்ற பொதுவான பிரிவு 3-ஐ வைத்துத்தான் அவர் போராட வேண்டும். உங்கள் நிறுவனத்தின் சம வாய்ப்புக் கொள்கையில், ‘பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டால் என்ன செய்வோம்’ என்று ஒரு வரி இருக்கிறதா? இன்றைக்கே தேடிப் பாருங்கள். இல்லையென்றால், ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

யாரை அணுகலாம்?

• மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்: ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு. மாநில அரசின் திட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், நடப்பில் என்ன இருக்கிறது என்று இங்கே கேட்பது பாதுகாப்பு.
• சென்னை கிண்டியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம்: பயிற்சி, வேலைத்தகுதி மதிப்பீடு இரண்டும் உண்டு.
• முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம்: ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்கு ஏற்ற வேலை எது என்பதில் ஆலோசனை தேவைப்பட்டால்.
• விழுதுகள் மையங்கள்: உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு அரசு நடத்தும் ‘உரிமைகள்’ திட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையங்கள்.
• எபிலிட்டி ஃபவுண்டேஷன்: சென்னையைச் சேர்ந்த தொண்டு அமைப்பு. மாற்றுத்திறனாளிகளுக்கான வேலைவாய்ப்பு முகாம்களைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது.

வேலை தேடுபவர் முதலில் கையில் வைத்திருக்க வேண்டியது யு.டி.ஐ.டி. அட்டை. எந்தச் சலுகைக்கும் இதுதான் நுழைவுச்சீட்டு. வேலை கிடைத்த பிறகு, பார்வை, செவி, கை கால் குறைபாடு உள்ளவர்களுக்குக் குறிப்பிட்ட வரம்பு வரையிலான போக்குவரத்துப் படிக்கு வரி கிடையாது. புதிய வரி முறையிலும் இது உண்டு. ஆனால் சம்பள அமைப்பில் அப்படி ஒரு படி இருந்தால்தான் பலன். ஆஃபர் லெட்டர் வாங்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

என்ன மாறினால் நல்லது?

பிரிவு 35 உயிர்பெற அரசு புதுச் சட்டம் எதுவும் போட வேண்டியதில்லை. இருப்பதை மூன்று இடங்களில் திருப்பினாலே போதும்.

முதலாவதாக, பணியிட மாற்றத்துக்கென்று தனி நிதி. சாய்தளம், மென்பொருள், மொழிபெயர்ப்பாளர், வேலை பழக்குநர் ஆகியவற்றுக்கு ரசீதைக் காட்டினால் பணம். பி.எஃப். இல்லாத பத்துப் பேர் யூனிட்டும் கேட்கும்படி இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, தானாக வரும் சலுகை. யு.டி.ஐ.டி. தரவும் அரசிடம்தான், பி.எஃப். தரவும் அரசிடம்தான். இரண்டையும் பணியாளரின் சம்மதத்தோடு இணைத்தால், விண்ணப்பம் என்ற ஒன்றே தேவையில்லை.

மூன்றாவதாக, ‘பொருளாதார வலிமைக்கு உட்பட்டு’ என்ற வாசகத்துக்கு ஒரு எண். ஒவ்வொரு பட்ஜெட்டிலும் பிரிவு 35-க்கு எவ்வளவு ஒதுக்கினோம், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்று ஒரு பக்கம் வெளியிட்டால் போதும். வலிமை எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அதுவரை, “எடுத்தா என்ன கிடைக்கும்?” என்ற கேள்விக்குப் பதில்: மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் சலுகை, அதுவும் அலைந்தால். அதை மட்டும் நம்பி யாரும் ஆள் எடுக்கப்போவதில்லை. வேலைக்குத் தகுதியான ஒருவர், வாசலில் இருக்கும் மூன்று படிகளால் நேர்காணலுக்கே வர முடியாமல் போகிறார் என்றால், அரசுப் பணம் முதலில் போக வேண்டியது அந்த மூன்று படிகளுக்குத்தான்.